இயற்கைப் பிசின் என்றால் பாதுகாப்பானதா?

ஆண்டு விழா முடிந்த மூன்றாம் நாள். நடனமாடிய எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நெற்றியில், ஸ்டிக்கர் பொட்டு இருந்த இடம் வட்டமாகச் சிவந்து தடித்திருந்தது. "அன்னைக்கு ஒண்ணுமே ஆகல டீச்சர்" என்றாள். முன்பு கால் காயத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டியபோதும் இப்படித்தான் அரித்ததாம். இரண்டிலும் பொதுவாக இருந்தது பசை.

ஒட்டும் பொருள்கள் பலவற்றில் பைன் மரப்பிசின் சேர்கிறது. காசிமேட்டில் மரப்படகுகளின் இடுக்கை அடைக்கப் பயன்பட்ட குங்கிலியம் வேறு மரத்துப் பிசின். இது இமயமலைச் சரிவுகளில் வளரும் சிர் பைன் போன்ற மரங்களிலிருந்து வடிப்பது. அதைக் காய்ச்சி வடித்தால் டர்பன்டைன் எண்ணெய் பிரிந்துவிடும். மிஞ்சுகிற மஞ்சள் நிறக் கட்டியே ரோசின். வயலின் வில்லில் தேய்ப்பதும் இதுதான். ஒட்டும் தன்மைக்காக மஸ்காரா, முடி நீக்கும் மெழுகு, சிலவகைப் பிளாஸ்திரி, பொட்டுப் பசை ஆகியவற்றில் இதைச் சேர்க்கிறார்கள்.

ரோசினின் முக்கியப் பகுதி அபியெடிக் அமிலம். எண்ணூர்க் கடற்காற்றில் இரும்புக் கதவு துருப்பிடிப்பதைப் பார்க்கும் நம் மாணவர்களுக்கு ஆக்சிஜனேற்றம் தெரியும். இந்த அமிலமும் காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைகிறது; அப்போது உருவாகும் பொருள்களே பெரும்பாலும் ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. முதல்முறை படும்போது தோலில் எதுவும் தெரியாமல் போகலாம். ஆனால் உடலின் எதிர்ப்பாற்றல் அதை நினைவில் வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த முறை பட்ட ஓரிரு நாளில் அரிப்பும் தடிப்பும் வரும். எனவே "இதுவரை ஒன்றும் செய்யவில்லையே" என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. "இயற்கையானது" என்பதும் அப்படியே.

எல்லாப் பொட்டுப் பசையிலும் ரோசின் இருப்பதில்லை. சில பசைகளில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற வேதிப்பொருள் நெற்றியில் வெண்திட்டை உண்டாக்கும். எது காரணம் என்பதைத் தோல் மருத்துவர் ஒட்டுச் சோதனை மூலம் கண்டறிவார். முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். எங்கள் பகுதிப் பெற்றோரை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அனுப்புகிறோம்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. ஒப்பனைப் பொருள் வாங்கும்போது உறையில் ரோசின், கொலோபோனியம் என்ற பெயர்கள் உள்ளனவா எனப் பாருங்கள். விழாவுக்கு முன்பும் பிளாஸ்திரி ஒட்டும் முன்பும் "முன்னால் அரித்ததுண்டா?" என்று கேளுங்கள். அரித்தால் உடனே எடுத்துவிட்டுத் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், சொறிய விடாதீர்கள். எங்கள் முதலுதவிப் பெட்டியில் இப்போது பிளாஸ்திரிக்கு மேலே கட்டுத்துணி இருக்கிறது.