42 ஏக்கரில் 65 மீட்டர் உயரம்

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் உள்ள பிளாக்பூல் பிளஷர் பீச், நான்கு பக்கமும் நெருக்கப்பட்ட பொழுதுபோக்குப் பூங்கா. மேற்கே கடற்கரைச் சாலை, கிழக்கே ரயில் பாதை, நடுவில் சுமார் 42 ஏக்கர். அதிலும் 1923-ல் மரத்தால் கட்டிய 'பிக் டிப்பர்' போன்ற பழைய சவாரிகள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அங்கேதான் 1994-ல், அன்றைக்கு உலகிலேயே உயரமான ரோலர்கோஸ்டர் எழும்பியது. அதன் பெயர் 'பிக் ஒன்'; உயரம் 65 மீட்டர், பாதையின் நீளம் சுமார் 1,675 மீட்டர், செலவு 1.2 கோடி பவுண்டு.

இடத்தைப் பூங்காவினர் தரையில் தேடவில்லை. பழைய சவாரிகளுக்கு நடுவே இரும்புத் தூண்களை நிறுத்தி, அவற்றின் தலைக்கு மேலாகப் பாதையை நீளவாக்கில் ஓட்டித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தூண் ஊன்றும் இடம் மட்டும் கிடைத்தால் போதும் என்று கணக்குப் போட்டது அபாரமான பொறியியல்.

ராட்சத ரோலர்கோஸ்டருக்கு உயரத்தைவிட வளைவுதான் அதிக இடம் கேட்கும். 60 மீட்டர் இறங்கும் பெட்டி, உராய்வை விட்டுவிட்டால், அடிவாரத்தில் மணிக்கு 123 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அங்கே அதை மேல்நோக்கித் திருப்பும்போது 50 கிலோ எடையுள்ளவர் 200 கிலோ கனத்தை உணரலாம். அதற்கு மேல் அழுத்தம் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டால், வளைவின் ஆரம் 40 மீட்டராவது இருக்க வேண்டும். இறக்கத்தை 120 மீட்டராக்கினால் வேகம் 1.4 மடங்குதான் கூடும். ஆரமோ இரட்டித்து 80 மீட்டராகும். பக்கவாட்டுத் திருப்பங்களும் அதே விகிதத்தில் விரிவதால், அவற்றுக்கான நிலப்பரப்பு நான்கு மடங்காகிவிடும். நிறுத்துவதற்கான பிரேக் பாதையும் நீளும்.

பணமும் அப்படித்தான் ஏறுகிறது. தூணின் உயரம் இரட்டித்தால், ஒரே சீரான காற்றிலும் அதன் அடியை வளைக்கும் தாக்கம் நான்கு மடங்காகும். உயரே போகப் போகக் காற்றும் வலுக்கும். அதனால் இரும்பும் அடித்தளமும் தடிக்கின்றன. பிளாக்பூலில் கடற்காற்று பலமாக வீசும் நாட்களில் சவாரியையே நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களிலும் பராமரிப்புச் செலவு நிற்பதில்லை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2005-ல் திறந்த 'கிங்டா கா' வேறு வழியைப் பிடித்தது. நேர்ப்பாதையில் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்தில் பெட்டியை உந்தி, 139 மீட்டர் செங்குத்தாக ஏற்றி, அப்படியே இறக்கினார்கள். பெரிய பக்கவாட்டு வளைவுகள் தேவைப்படவில்லை. ஆனால் மொத்தச் சவாரியே அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்துக்காகப் பிரம்மாண்டமான ஹைட்ராலிக் உந்து இயந்திரத்தைக் கட்டிக் காக்க வேண்டியிருந்தது. என் பார்வையில், கட்டும் செலவோடு ஓட்டும் செலவையும் சேர்த்துப் பார்க்காத எந்தப் பூங்காவும் இந்த உயரத்துக்கு ஆசைப்படக் கூடாது. புதிய சவாரிக்கு இடம் வேண்டும் என்று கிங்டா காவை 2024-ல் மூடி, 2025 பிப்ரவரியில் வெடிவைத்து வீழ்த்தினார்கள்.