கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்!

"வைத்தியரய்யா, இதுல கையெழுத்துப் போடலாமா?"

சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு அம்மா, ராஜபாளையத்தில் என் வைத்தியசாலைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். சர்க்கரை நோய் பற்றிய ஆராய்ச்சியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

"ரத்தம் எடுப்பாங்களாம். படிச்சவங்க சொல்றாங்க... நாம என்னத்தக் கேக்க?"

கேட்கத்தான் வேண்டும், தாயே! வாசகர்களே, உங்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். உடம்பைத் தருபவரும் அனுபவ அறிவைத் தருபவரும் ஆராய்ச்சியில் பங்குதாரர்கள்.

காணிகள் தந்த பச்சிலை

1987-ல் அகத்தியமலைக் காட்டில் ஒரு விஞ்ஞானிகள் குழு ஏறியது. இவர்களுக்கு மூச்சு வாங்கியது. வழிகாட்டிய காணி இளைஞர்களோ ஏதோ ஒரு பழத்தைத் தின்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். முதலில் ரகசியத்தைச் சொல்லத் தயங்கினார்கள். பிறகு செடியை அடையாளம் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

கேரளத்தில் பாலோடு தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் அதை ஆராய்ந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-ல் கோவை ஆர்ய வைத்திய ஃபார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கு உரிமம் தரப்பட்டது. அதில் பாதியும், ராயல்டியில் பாதியும் காணிகளுக்கு! அதற்கென 1997-ல் அறக்கட்டளையும் பதிவானது.

ஆனால், எல்லாக் குடியிருப்புகளையும் கேட்கவில்லை என்ற மனத்தாங்கலும் காணிகளிடையே எழுந்தது. கடைசியில் பணம் கொடுத்தால் மட்டும் போதாது. ஆரம்பத்திலேயே கூட உட்கார வைத்துப் பேச வேண்டும்.

என் நோட்டில் இல்லாத பெயர்

நானும் ஒரு தவறு செய்தவன்தான். சித்த மருத்துவம் படித்த நாட்களில், ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பில் ஒரு பளியர் பெரியவர் நாள் முழுக்க என்னோடு நடந்து மூலிகைகளைச் சொல்லித் தந்தார். நோட்டு நிறைய எழுதினேன். கல்லூரியில் பாராட்டும் கிடைத்தது. அவர் பெயரை மட்டும் எழுதவில்லை; கேட்கக்கூட இல்லை. பல வருடம் கழித்துத் தேடிப் போனபோது அவர் இல்லை. இன்றும் மனசு உறுத்துகிறது.

என்னென்ன கேட்கலாம்?

* ஆராய்ச்சி எதற்காக? எத்தனை தடவை ரத்தம் எடுப்பீர்கள்?

* இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்த வேண்டுமா?

* பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு? புது மருந்துச் சோதனையால் பாதிப்பு என்றால் இலவச சிகிச்சை தரவேண்டும் என்பது 2019-ம் வருட விதி.

* நடுவில் விலகலாமா? தாராளமாக விலகலாம். அதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

* முடிவை எங்களுக்கும் சொல்வீர்களா?

படிவம் உங்களுக்குப் புரிகிற தமிழில் இருக்கட்டும். ஒரு நகல் வாங்கிக் கொள்ளுங்கள்.

நீங்களும் எதையும் மறைக்காதீர்கள். வீட்டில் குடிக்கும் கஷாயம், சூரணம், இங்கிலீஷ் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைத்தால் ஆராய்ச்சியின் முடிவே தப்பாகிவிடும்.

அந்த அம்மா மறுவாரம் வந்தார். "எல்லாத்தையும் கேட்டேன்யா. உக்கார வச்சுப் பதில் சொன்னாங்க. அப்புறந்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். பையிலிருந்து நகலை எடுத்துக் காட்டியபோது அவர் முகத்தில் ஒரு பெருமிதம்!