சமம் என்று சொல்லத் தெரியுமா?

சில ஆண்டுகளுக்கு முன், கல்லூரியில் சேரவிருந்த என் மாணவர் இருவருக்காக ஆங்கிலத்தில் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதினேன். 'ஹமீதைப் போல ஸலீம் சோம்பேறி அல்லன்' என்று தமிழில் எண்ணினேன். இருவருமே சுறுசுறுப்பானவர்கள் என்பதே என் கருத்து. பெயர்களை மட்டும் இங்கே மாற்றியுள்ளேன். கடிதத்தில் நான் எழுதியதோ, 'ஸலீம் இஸ் நாட் அஸ் லேஸி அஸ் ஹமீத்' என்பதாகும். அதை அஞ்சலில் சேர்க்குமுன் படித்த நண்பர், "ஹமீது அவ்வளவு சோம்பேறியா?" என்று வினவினார். திடுக்கிட்டுப் போனேன்.

தமிழில் அவ்வாக்கியம் இருபொருள் தரும். ஆங்கிலத்திலோ 'நாட் அஸ்... அஸ்' என்றால், முன்னவரிடம் அக்குணம் குறைவு, பின்னவரிடம் மிகுதி என்பதே பொருள். பழுதற்ற ஒரு பிள்ளையின் மீது என் பேனா வீண்பழி சுமத்திவிட்டது! 'நெய்தர் ஹமீத் நார் ஸலீம் இஸ் லேஸி' என்று திருத்தி எழுதிய பின்னரே கடிதத்தை அனுப்பினேன்.

இருவர் சமம் என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் இரண்டு 'அஸ்' வேண்டும். அவற்றைத் தராசின் இரு தட்டுகளாகக் கொள்ளுங்கள். ஒன்று இல்லையேல் தராசு நில்லாது. 'அலீ இஸ் அஸ் ஸ்ட்ராங் அஸ் உமர்' என்றால் அலீ உமரைப் போன்றே வலிமையுள்ளவர் என்று பொருள். இடையில் வரும் பண்புச்சொல் தன் இயல்பான வடிவிலேயே நிற்க வேண்டும். 'அஸ் ஸ்ட்ராங்கர் அஸ்' என்பதும், 'அஸ் ஸ்ட்ராங் தேன்' என்பதும் பிழைகளே. 'ஸ்ட்ராங்கர்' என்ற சொல்லும் 'தேன்' என்ற சொல்லும் ஏற்றத்தாழ்வைக் கூறுவதற்கு உரியவை. சமத்துவத்தின் இடையே அவற்றுக்கு இடமில்லை.

எண்ணக்கூடிய பொருளாயின் 'மெனி' வரும். எண்ண இயலாததாயின் 'மச்' வரும். புத்தகங்களுக்கு 'அஸ் மெனி புக்ஸ் அஸ்', பாலுக்கு 'அஸ் மச் மில்க் அஸ்'. இரு மடங்கு என்று சொல்ல வேண்டுமாயின் முதல் 'அஸ்'ஸுக்கு முன் 'ட்வைஸ்' என்பதைச் சேர்த்தால் போதும்.

இன்னுமொன்றையும் கவனியுங்கள். 'மை மதர் லவ்ஸ் மை பிரதர் அஸ் மச் அஸ் மீ' என்று உங்கள் மகள் எழுதினால், என்னை நேசிக்கும் அளவுக்குத் தம்பியையும் தாய் நேசிக்கிறார் என்று பொருள்படும். 'அஸ் மச் அஸ் ஐ டூ' என்று முடித்தாலோ, தம்பியை நான் நேசிக்கும் அளவுக்குத் தாயும் நேசிக்கிறார் என்றாகிவிடும். இறுதிச் சொற்கள் மாறியதும் தாயின் அன்பு வேறொரு தராசில் நிறுக்கப்படுகிறது!

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகள் இருவரை ஒப்பிட்டு எழுதும்போது, 'இதில் யார் உயர்ந்தார், யார் தாழ்ந்தார்?' என்று அவர்களையே கேளுங்கள். விடை சொல்லத் தடுமாறினால் வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லுங்கள். இலக்கணப் பிழையால் மதிப்பெண் குறைந்தால் மறுமுறை பெற்றுவிடலாம். ஒருவரின் நற்பெயர் குறைந்தால் அதை மீட்பது எளிதன்று.