ப்ளே ஸ்கூல், டே கேர், நர்சரி... யார் கண்காணிக்கிறார்கள்? ஃபீஸ் கட்டும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை

2025 ஏப்ரல் 29. மதுரை கே.கே.நகரில் உள்ள ஒரு தனியார் மழலையர் பள்ளி. வளாகத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து 4 வயதுச் சிறுமி உயிரிழந்தார். பள்ளிக்கு சீல் வைக்கப்பட்டது, நிர்வாகத் தரப்பில் கைது நடந்தது, மாவட்டத்தில் உள்ள மழலையர் பள்ளிகளை ஆய்வு செய்ய உத்தரவு வந்தது.

அதே ஆண்டு ஜனவரியில் விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டியில், தனியார் பள்ளி ஒன்றின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து எல்கேஜி மாணவி இறந்திருந்தார். அங்கேயும் கைது, விசாரணை.

இரண்டு இடத்திலும் பிரச்சினை ஒரு தொட்டியின் மூடிதான். யாராவது ஓர் அதிகாரி முன்கூட்டியே வந்து வளாகத்தை ஒரு சுற்று சுற்றியிருந்தால் கண்ணில் பட்டிருக்கக்கூடிய விஷயம். அப்படி வந்து பார்க்க வேண்டியது யார் வேலை? இந்தக் கேள்விக்கான பதில், குழந்தையின் வயதைப் பொறுத்து மாறுகிறது. வயது குறையக் குறைய, சட்டத்தின் பிடியும் தளர்கிறது.

6 வயதுக்கு மேல்: சட்டம் தெளிவு

2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. அதன் 18-வது பிரிவின்படி, அங்கீகாரம் இல்லாமல் தனியார் பள்ளி நடத்த முடியாது. மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் வரை கட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் அங்கீகாரம் வாங்கவும் புதுப்பிக்கவும் நான்கு சான்றுகள் முக்கியம். கட்டிட உறுதிச் சான்று, கட்டிட உரிமம், தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று. ஒவ்வொன்றையும் கொடுப்பது ஒவ்வொரு துறை. தனியார் பள்ளிகளைக் கவனிக்கவே மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) என்ற பதவியும் இருக்கிறது.

3 முதல் 6 வரை: விதி உண்டு, பிடி குறைவு

மூன்று வயது நிறைந்த குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி தர அரசு ஏற்பாடு செய்யலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவு சொல்கிறது. அவ்வளவுதான். அதனால் ப்ளே ஸ்கூல்கள் பல காலம் கடை திறப்பதுபோலத் திறக்கப்பட்டன. ஒரு வீடு, சுவரில் நாலு கார்ட்டூன், வாசலில் ஒரு போர்டு.

தமிழ்நாடு அரசு 2015-ல் ப்ளே ஸ்கூல்களுக்கெனத் தனி விதித்தொகுப்பு கொண்டுவந்தது. அதன்பிறகு, அனுமதி வாங்கித்தான் நடத்த வேண்டும். தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையமும் தனியார் ப்ளே ஸ்கூல்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. 20 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பராமரிப்பாளரும் வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும், தீத்தடுப்பு ஏற்பாடு வேண்டும் என்கிறது அது. ஆனால் அவை வழிகாட்டுதல்கள்தான். ஒரு மாநிலம் அதைத் தன் விதியாக எடுத்துக்கொண்டு ஆள் அனுப்பிச் சோதித்தால்தான் அதற்கு உயிர்.

3 வயதுக்குக் கீழ்: யார் பொறுப்பு?

இங்குதான் பெரிய ஓட்டை. ஆணையத்தின் நெறிமுறைகள் 3 முதல் 6 வயதுக்கானவை. நகரங்களிலோ ஒன்றரை, இரண்டு வயதிலேயே அட்மிஷன் போட்டுவிடுகிறார்கள். அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் ஆறு மாதக் குழந்தைகூட டே கேரில்தான் வளர்கிறது.

இந்த வயதினருக்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது வேலை கொடுப்பவரைப் பார்த்துப் பேசுகிறது. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன்கள் சட்டத்தின்படி, 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரவும் அனுமதிக்க வேண்டும். 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இதே ஏற்பாடு தொடர்கிறது.

தெருமுனையில் தனியார் ஒருவர் தன் வீட்டு மாடியில் நடத்தும் டே கேருக்கு? அதற்கென்று நாடு முழுமைக்குமான தனி உரிமச் சட்டம் எதுவும் இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே மேற்பார்வையாளர், அவருக்கு மேலே குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், அதற்கும் மேலே மாவட்ட அலுவலர் என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த மேற்பார்வையில் குறைகள் இருக்கலாம். ஆனால் யாரைக் கேட்பது என்பது தெளிவு. கட்டணமே இல்லாத அங்கன்வாடிக்கு இருக்கும் அந்த வரிசை, மாதம் பல ஆயிரம் ரூபாய் வாங்கும் டே கேருக்கு இல்லை.

சான்று இருந்தால் போதுமா?

போதாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். சமையல் கூடத்தில் பிடித்த தீ கூரைக்குப் பரவியது. அதன்பிறகுதான் தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்பு மாணவி இறந்தார். அது தகுதிச் சான்று பெற்ற பேருந்து. சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே ஆண்டில் பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வந்தன.

உயிர் போன பிறகு விதி வருகிறது, விதி வந்த பிறகு சான்று வருகிறது. நடுவில் காணாமல் போவது, ஆள் நேரில் வந்து பார்ப்பதும், பார்த்ததை ஊருக்குச் சொல்வதும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. இங்கிலாந்தில் நர்சரிகள் 'ஆஃப்ஸ்டெட்' என்ற அரசு அமைப்பிடம் பதிவு செய்தாக வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைவான 3 குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பது அங்கே சட்டப்படியான கட்டாயம். அதைவிட முக்கியமானது, ஆய்வாளர் எழுதும் அறிக்கை இணையத்தில் வெளியாகிறது. எந்தப் பெற்றோரும் மொபைலில் தேடிப் படித்துவிடலாம். அந்த முறை மீதும் அங்கே கடுமையான விமர்சனங்கள் உண்டு. ஆனால் அறிக்கையையே மூடி வைக்க வேண்டும் என்பது அந்த விவாதம் இல்லை.

நம் ஊரிலும் இது முடியாத காரியமில்லை. சிபிஎஸ்இ இணைப்புப் பெற்ற பள்ளிகள், கட்டிடப் பாதுகாப்பு, தீத்தடுப்பு உள்ளிட்ட சான்றுகளைத் தங்கள் இணையதளத்தில் போட்டே ஆக வேண்டும். பெரிய பிள்ளைகளுக்குச் சாத்தியமானது மழலைகளுக்கு மட்டும் ஏன் சாத்தியமில்லை?

சரி, பெற்றோர் என்ன செய்யலாம்?

அட்மிஷனுக்குப் போகும்போது ஏசி இருக்கா, சிசிடிவி இருக்கா என்று கேட்பதோடு இவற்றையும் கேளுங்கள்:

- அரசு அனுமதி ஆணையைக் காட்ட முடியுமா? எந்தத் தேதி வரை செல்லும்?
- நான்கு சான்றுகளும் நடப்பில் உள்ளனவா? 'ரினியூவலுக்குப் போட்டிருக்கோம்' என்றால், எப்போது போட்டார்கள்?
- என் குழந்தை இருக்கும் அறையில் எத்தனை குழந்தைகள், எத்தனை பெரியவர்கள்? ஆயா லீவு போட்டால் யார் பார்ப்பார்கள்?
- தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், மாடிப்படி எங்கே? வாயால் சொன்னால் போதாது, நேரில் காட்டச் சொல்லுங்கள்.
- குழந்தையை அழைத்துப் போக யார் யாருக்கு அனுமதி?

அனுமதி பற்றி பள்ளி சொல்வதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாம். கட்டணம் 10 ரூபாய். 'இந்தப் பள்ளிக்கு அனுமதி உள்ளதா, கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, ஆய்வு அறிக்கையின் நகல் வேண்டும்' என்று கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

தப்பாக ஏதாவது நடப்பது தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். பள்ளி தொடர்பான புகார்களுக்குத் தமிழ்நாடு அரசின் 14417 இருக்கிறது. பாலியல் தொந்தரவு பற்றித் தெரியவந்தால், காவல்துறைக்குச் சொல்வது போக்சோ சட்டப்படி எல்லோருக்கும் கடமை. தனக்குக் கீழ் வேலை செய்பவர் மீதான புகாரை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை.

இந்தக் கேள்விகளைக் கேட்டால், 'இவங்க ரொம்ப நோண்டுறாங்க' என்று நிர்வாகம் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். ஒழுங்காக நடத்தும் இடத்தில் அந்த ஃபைல் மேஜை மேலேயே இருக்கும். எடுத்துக் காட்ட ஐந்து நிமிடம் போதும்.