கூரைமேல் காயும் வெந்நீர்

நுழையும்முன்

குளிப்பதற்கு நீரைச் சூடாக்குவது நாள்தோறும் நடைபெறும் எளிய செயல். எளிய செயல் என்பதாலேயே அதற்கு ஆகும் ஆற்றலை எவரும் பெரிதாக எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணெய்க் கிணறு ஏதும் பெரிதாக இல்லாத ஒரு சிறு தீவு, 1970களில் அதனை எண்ணிப் பார்க்க வேண்டிய கட்டாயத்திற்கு உள்ளானது. அத்தீவின் வீட்டுக் கூரைகள் எவ்வாறு மாறின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நீரின் பசி

நீர், எளிதில் சூடேறாத பொருள். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4.18 கிலோஜூல் ஆற்றல் தேவை. இரும்பு, செம்பு போன்ற உலோகங்களுக்கு இதில் பத்தில் ஒரு பங்களவே போதும். நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒன்று நாளொன்றுக்கு 100 லிட்டர் வெந்நீரைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். 25 டிகிரியில் உள்ள அந்நீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 14,630 கிலோஜூல் ஆற்றல் செலவாகும். மின்கட்டண அளவில் கூறினால் இது நான்கு யூனிட்டிற்குச் சற்றே மிகுதி. இதே நான்கு யூனிட் மின்சாரத்தில் 10 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று 400 மணி நேரம் எரியும். 75 வாட் மின்விசிறி இரண்டு பகல், இரண்டு இரவுகளைக் கடந்தும் சுழலும். விளக்கை அணைக்க மறந்த பிள்ளையைக் கடிந்துகொள்ளும் வீடுகளில், குளியலறைச் சுவரில் தொங்கும் கீசர் பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை!

மின்சாரத்தால் நீரைச் சூடாக்குவதில் மற்றொரு வீணடிப்பும் மறைந்துள்ளது. எண்ணெயை எரித்து மின்னாக்கம் செய்யும் நிலையங்களில், எரிபொருளில் உள்ள ஆற்றலில் பாதிக்கும் குறைவான பங்கே பொதுவாக மின்சாரமாகிறது. எஞ்சியது வெப்பமாகக் காற்றிலும் நீரிலும் கலந்துவிடுகிறது. முதலில் வெப்பத்தை உண்டாக்கி, அதில் பெரும்பகுதியை இழந்து மின்சாரம் பெற்று, அம்மின்சாரத்தை மீண்டும் வெப்பமாக மாற்றிக் குளிப்பது சுற்றுவழிப் பயணமே ஆகும்.

பழைய கருவி, புதிய தேவை

சூரிய வெப்பத்தால் நீரைக் காய்ச்சும் கருவி அண்மைக்காலத்தது அன்று. அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் 1891-ஆம் ஆண்டிலேயே இத்தகைய கருவி ஒன்றிற்குக் காப்புரிமை பெற்றார். கறுப்பு வண்ணம் பூசிய உலோகத் தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டியினுள் வைத்திருந்தார் அவர். பகலில் நீர் சூடேறியது. பொழுது சாய்ந்ததும் ஆறிப்போனது. 1909-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த வில்லியம் பெய்லி, வெப்பத்தை ஏற்கும் பகுதியையும் நீரைச் சேமிக்கும் தொட்டியையும் தனித்தனியே பிரித்தார். தொட்டியைச் சுற்றி வெப்பக்காப்பு இட்டார். மாலையில் சேர்த்த வெந்நீர் மறுநாள் காலையிலும் கிடைத்தது. அக்கருவிக்கு அவர் 'பகலும் இரவும்' என்னும் பொருள்படப் பெயரிட்டது பொருத்தமே. ஆயினும், எரிவாயுவும் மின்சாரமும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபோது அமெரிக்க மக்கள் கூரைக் கருவியைக் கைவிட்டனர். அது பயனற்றுப் போனதால் கைவிடப்படவில்லை. மலிவான எரிபொருளுடன் போட்டியிட இயலாமல் பின்தங்கியது.

1973-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிலை தலைகீழானது. மேற்காசியப் போரைத் தொடர்ந்து அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையால், சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானது.

பார்படாஸ்

கரீபியன் தீவுக்கூட்டத்தின் கிழக்கு விளிம்பில், அட்லாண்டிக் பெருங்கடலை நோக்கி நிற்கும் சிறு தீவு பார்படாஸ். நீளம் 34 கிலோமீட்டர். பரப்பு ஏறத்தாழ 430 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை மூன்று இலட்சத்திற்கும் குறைவு. 1966-ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற அந்நாடு, கரும்பையும் சுற்றுலாவையும் நம்பி வாழ்ந்தது. மின்சாரத்திற்கும் ஊர்திகளுக்கும் வேண்டிய எரிபொருளின் பெரும்பகுதி கப்பலில் வந்திறங்கியது. சர்க்கரை விற்று ஈட்டிய அந்நியச் செலாவணி, எண்ணெய் வாங்குவதில் கரைந்தது. பெரிய நாடு ஒன்று விலையேற்றத்தைச் சில ஆண்டுகள் தாங்கிக்கொள்ளலாம்; சிறு தீவுக்கு அந்த வசதி இல்லை.

தீவிடம் ஒன்று மட்டும் குறைவின்றி இருந்தது. பார்படாஸ் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 13 டிகிரியில் அமைந்துள்ளது. சென்னையும் அதே குறுக்குக்கோட்டையொட்டியே உள்ளது. சென்னைவாசிகளுக்கு அத்தீவின் வெயிலைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

ஆங்கிலிகன் திருச்சபையைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹாட்ச் என்னும் அருட்பணியாளர், 1970களின் தொடக்கத்தில் எளிய சூரிய நீர்ச்சூடேற்றி ஒன்றை உருவாக்கிப் பார்த்தார். ஜேம்ஸ் ஹஸ்பண்ட்ஸ் என்னும் இளைஞர் அம்முயற்சியில் இணைந்தார். இருவரின் முயற்சியிலிருந்து உள்ளூர் நிறுவனம் ஒன்று பிறந்தது. வெளிநாட்டிலிருந்து கருவியை வாங்கி விற்காமல், தீவிலேயே செய்து பொருத்துவது என அது முடிவெடுத்தது. பழுது பார்க்கும் கைகளும் தீவிலேயே உருவாயின. பின்னாளில் வந்த வெற்றிக்கு இம்முடிவே அடித்தளம் எனலாம்.

மோட்டார் இல்லாமல் ஓடும் நீர்

இக்கருவியின் இயக்கம் பத்தாம் வகுப்பு அறிவியலைத் தாண்டாதது. சாய்வாக வைக்கப்பட்ட தட்டையான பெட்டி. அதன் மேல்மூடி கண்ணாடி. உள்ளே கறுப்புத் தகடும், அத்தகட்டோடு ஒட்டிய செம்புக் குழாய்களும் உள்ளன. சூரிய ஒளி கண்ணாடியை ஊடுருவிச் சென்று கறுப்புத் தகட்டைச் சூடாக்குகிறது. சூடேறிய தகடு அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. அவற்றைக் கண்ணாடி எளிதில் வெளியே விடுவதில்லை. பெட்டியின் அடியிலும் பக்கங்களிலும் உள்ள வெப்பக்காப்பு எஞ்சிய இழப்பைத் தடுக்கிறது.

இனி, குழாயில் உள்ள நீரைத் தொட்டிக்கு ஏற்றுவது எது? நீர் சூடேறும்போது விரிவடைந்து அடர்த்தி குறைகிறது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரின் நிறை ஏறத்தாழ 997 கிராம். 60 டிகிரியில் 983 கிராம். இந்த 14 கிராம் வேறுபாடே இங்கு மோட்டாராகப் பணியாற்றுகிறது. இலேசான வெந்நீர் மேலேறித் தொட்டியின் மேற்பகுதியை அடைகிறது. கனத்த குளிர்நீர் தொட்டியின் அடியிலிருந்து இறங்கிக் குழாய்களுக்குள் புகுகிறது. வெயில் உள்ளவரை இச்சுழற்சி தானே நடைபெறும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: தொட்டியின் அடிப்பகுதி, வெப்பம் ஏற்கும் பெட்டியின் மேல்விளிம்பைவிட உயரத்தில் இருத்தல் வேண்டும். இல்லையேல், இரவில் குளிர்ந்த பெட்டியை நோக்கி வெந்நீர் எதிர்த்திசையில் ஓடி, பகல் முழுதும் சேர்த்த வெப்பத்தை வானத்திற்கு வழங்கிவிடும்.

இத்தகைய வெப்பமண்டலப் பகுதியில் நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஐந்து முதல் ஆறு யூனிட்டிற்கு இணையான சூரிய ஆற்றல் விழுகிறது. அதில் பாதியை மட்டுமே கருவி பிடித்துக்கொள்வதாகக் கொண்டாலும், இரண்டு சதுர மீட்டர் பரப்புள்ள பெட்டி மேலே கூறிய குடும்பத்தின் தேவையை நிறைவு செய்துவிடும். தொடர் மழைக்காலத்திற்கெனத் தொட்டியினுள் சிறு மின்சூடேற்றி ஒன்றைப் பொருத்திக்கொள்வதும் உண்டு.

வெயில் குறைந்த நாடுகளில் வெப்ப எக்கி என்னும் கருவி இப்போது பரவி வருகிறது. குளிர்சாதனப் பெட்டியைத் திருப்பி வைத்தாற்போல், வெளிக்காற்றின் வெப்பத்தை நீருக்குக் கடத்தும் கருவி அது. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு ஏறத்தாழ மூன்று யூனிட் அளவிலான வெப்பத்தைத் தரவல்லது. பார்படாஸிற்கு அன்று அது தேவைப்படவில்லை.

விலை என்னும் தடை

கருவி நல்லது என்பது மட்டும் போதுமா? கீசரின் விலை குறைவு. அதன் உண்மைச் செலவு மாதந்தோறும் சிறிது சிறிதாக வெளிப்படும். கூரைக் கருவியோ பல ஆண்டுகளுக்கான எரிபொருள் செலவை முதல் நாளிலேயே மொத்தமாகக் கேட்கும். மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம், பின்னர் இலாபம் வரும் என்று அறிந்திருந்தாலும், கையில் இல்லாத பணத்தை எங்ஙனம் செலவிடும்?

பார்படாஸ் அரசு இவ்விடத்தில் தலையிட்டது. 1974-ஆம் ஆண்டின் நிதிச் சலுகைச் சட்டத்தின் வழி, சூரிய நீர்ச்சூடேற்றி செய்வதற்கான மூலப்பொருள்களுக்கு இறக்குமதித் தீர்வை விலக்கப்பட்டது. வழக்கமான மின்சார நீர்ச்சூடேற்றிகள் மீது 30 விழுக்காடு நுகர்வு வரி விதிக்கப்பட்டது. ஒன்றின் விலை இறங்க, மற்றொன்றின் விலை ஏறியது. 1980-ஆம் ஆண்டு முதல், வீட்டு உரிமையாளர் இக்கருவிக்குச் செலவிட்ட தொகையை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. அப்போதைய தலைமை அமைச்சர் டாம் ஆடம்ஸின் இல்லத்தில் நிறுவனத்தார் கருவி ஒன்றைப் பொருத்தியதாகவும், அவ்வீட்டின் எரிவாயுக் கட்டணம் வெகுவாகக் குறைந்ததைக் கண்டே அவர் ஆர்வம் கொண்டதாகவும் கூறுவர். புள்ளிவிவரங்கள் செய்ய இயலாத வேலையைச் சில வேளைகளில் ஒரு வீட்டுக் கட்டணச் சீட்டு செய்துவிடுகிறது.

சலுகை எவ்வளவு இன்றியமையாதது என்பது 1990களில் புலப்பட்டது. பொருளாதார நெருக்கடியின்போது வருமான வரிச் சலுகை சில ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டது; விற்பனை தளர்ந்தது. 1996-இல் சலுகை மீண்டும் நடைமுறைக்கு வந்தது. 2002-ஆம் ஆண்டளவில் தீவில் ஏறத்தாழ 35,000 கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. இதே குறிக்கோளுக்கு இஸ்ரேல் வேறு வழியைத் தேர்ந்தது: 1980-இல் புதிய குடியிருப்புகளில் சூரிய நீர்ச்சூடேற்றியைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது. பார்படாஸ் கட்டாயப்படுத்தவில்லை, விலையின் வழியே மக்களை வரவழைத்தது. இரு வழிகளும் பலன் தந்தன. எனினும், வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு வரிச்சலுகையால் நேரடிப் பயன் ஏது? பார்படாஸ் முறையின் குறை இதுவே.

கூரைமேல் உள்ள கடமைகள்

கருவியைப் பொருத்தியதோடு பணி முடிந்துவிடுவதில்லை. பார்படாஸின் பெரும்பகுதி பவளச் சுண்ணாம்புப் பாறையால் ஆனது. அப்பாறையினூடே வடிந்துவரும் நிலத்தடி நீர் கடினநீர். அதனைச் சூடாக்கும்போது கால்சியம் கார்பனேட் குழாய்களில் படிந்து பாதையைக் குறுக்கும். எஃகுத் தொட்டி துருப்பிடிப்பதைத் தவிர்க்க அதனுள் மெக்னீசியக் கோல் ஒன்று வைக்கப்படுவது வழக்கம். எஃகைவிட எளிதில் வினைபுரியும் மெக்னீசியம், தான் அரிக்கப்பட்டுத் தொட்டியைக் காக்கிறது. கோல் தேய்ந்து முடிந்ததும் மாற்றியாக வேண்டும். மறந்தால் அடுத்து தேய்வது தொட்டியே.

எடையும் கருதத்தக்கது. 250 லிட்டர் நீர் நிறைந்த தொட்டி, நீரின் எடை மட்டுமே 250 கிலோகிராம் ஆக, கூரைமேல் அமர்கிறது. பலவீனமான மரக்கூரை அதனைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். காற்றோ வேறொரு சோதனை. 1955-ஆம் ஆண்டின் ஜானட் சூறாவளிக்குப் பின்னர், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்படாஸைச் சூறாவளி எதுவும் நேரடியாகத் தாக்கவில்லை. 2021 ஜூலையில் எல்சா சூறாவளி வந்து, பல வீடுகளின் கூரைகளைப் பெயர்த்தெறிந்தது. கூரை போனால் அதன்மேல் உள்ள கருவியும் போகும். ஆகவே, பெட்டியையும் தொட்டியையும் கூரைத் தகட்டில் அல்லாமல் கூரையின் சட்டத்திலேயே ஆணியும் பட்டையும் கொண்டு பிணைத்தல் வேண்டும்.