சூட்டுக்கோல் பதிக்கும் பிடிப்பு

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களில் ஒரு கூட்டத்தாருக்கு வினோதமான பழக்கம் உண்டு. நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்து, பாகம் பாகமாகக் கழற்றி, அதன் பிளாஸ்டிக் கைப்பிடியில் சூட்டுக்கோலை வைத்துவிடுவார்கள். ஸ்டிப்பிளிங் என்பது இந்த வேலையின் பெயர். வழவழப்பான பரப்பில் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு குழிகளைச் சுட்டுப் பதித்துச் சொரசொரப்பாக்குவது. தேய்ந்துபோன அம்மியை உளியால் பொளிந்து தருகிறவர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். வழுக்கும் பரப்புக்குப் பிடிப்பு வேண்டும்.

இதற்கெல்லாம் வழிவிட்டது பிளாஸ்டிக். பழைய இரும்புத் துப்பாக்கிகளில் கைப்பிடியின் இரு பக்கமும் மரப்பலகை இருக்கும். அதில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறி வைரக்கட்டம் போல ஆக்கியிருப்பார்கள். முன்பக்க இரும்பிலும் அப்படிக் கீற வேண்டுமென்றால், ஓர் அங்குலத்துக்கு 20 முதல் 30 கோடு வரை அரத்தால் இழுக்க வேண்டும். அனுபவப்பட்ட ஆயுதக் கம்மியருக்கே அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. வீட்டில் உட்கார்ந்து செய்வதை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

1970இல் ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோஹ் நிறுவனம் பிளாஸ்டிக் உடல் கொண்ட விபி70 துப்பாக்கியைக் கொண்டுவந்தது. அது பெரிதாக எடுபடவில்லை. காஸ்டன் கிளாக் என்ற ஆஸ்திரியர் வந்த பிறகுதான் கதை மாறியது. திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்த அவர், அதற்கு முன் துப்பாக்கியே செய்தவரல்ல. அவருடைய கிளாக் 17ஐ 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்டது. நைலான் வகைப் பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்த உடல்; எடை குறைவு, துருவும் பிடிக்காது. ஆனால் வியர்த்த கையில் வழுக்குகிறது என்ற குறை மட்டும் போகவில்லை.

கிளாக் நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. மூன்றாம் தலைமுறைத் துப்பாக்கியில் விரல்கள் பதிய வரப்பு வைத்துப் பார்த்தது. 2010இல் வந்த நான்காம் தலைமுறையில் சொரசொரப்பைக் கூட்டி, கைப்பிடியின் பின்பக்கத்தை மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. 2017இல் ஐந்தாம் தலைமுறை வந்தபோது அந்த விரல் வரப்புகளையே எடுத்துவிட்டது. ஒரே அச்சில் வார்த்தது எல்லோர் கைக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆலை தராததைச் சூட்டுக்கோலால் தேடிக்கொள்ளலாம் என்று ஆட்கள் கிளம்பியதில் வியப்பில்லை.

கருவிகளுக்கு அதிகச் செலவில்லை. ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் இருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் போதும் என்று தொடங்குவார்கள். அங்கேதான் சிக்கல். இந்த வகை நைலான் சுமார் 220 முதல் 260 டிகிரி செல்சியஸுக்குள் உருகும். கட்டுப்பாடு இல்லாத சால்டரிங் அயர்னின் முனையோ 400 டிகிரியை எட்டக்கூடியது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் குழியாகாது. நூல் நூலாக இழுத்துக்கொண்டு வரும், கருகும், முனையில் ஒட்டிக்கொண்டு அடுத்த குழியையும் கெடுக்கும். சூடு போதாவிட்டால் ஆழமில்லாத தழும்புதான் மிஞ்சும். ஆகவே வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் உள்ள கருவியே நல்லது. மரப்பலகையில் சுட்டுப் படம் வரைவதற்கென்று கைவினைக் கடைகளில் விற்கும் கோலைப் பலர் வாங்குவது இதனால்தான். அதன் பித்தளை முனைகளைத் திருகிக் கழற்றலாம், அரத்தால் ராவி வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரலாம். பழகியவர்கள் இரண்டு மூன்று முனைகளாவது தாங்களே ராவி வைத்திருப்பார்கள்.

முனையைச் செங்குத்தாக வைத்து, ஒரு நொடி அழுத்தி, நேராக எடுக்க வேண்டும். இழுத்தால் கோடாகிவிடும். முனை இறங்கும்போது உருகிய பிளாஸ்டிக் ஓரத்தில் ஒதுங்கி, குழியைச் சுற்றி ஒரு விளிம்பாக எழும்பும். விரலுக்குப் பிடிப்புத் தருவது குழியைவிட அந்த விளிம்புதான். அழுத்தமும் நேரமும் குழிக்குக் குழி மாறினால் கைப்பிடி அம்மைத் தழும்பு விழுந்ததாகத் தெரியும். முதலில் எல்லைக்கோட்டைச் சுட்டுவிட்டு, பிறகு உள்ளே நிரப்பிக்கொண்டு வருவது வழக்கம். எல்லை கோணினால் உள்ளே எவ்வளவு அழகாகச் செய்தாலும் கண் அங்கேதான் போகும்.

இது அழித்து எழுதக்கூடிய வேலையல்ல. ஒருமுறை சுட்டால் சுட்டதுதான். அதனால் துப்பாக்கியில் கைவைக்கும் முன் வேறொன்றில் பழக வேண்டும். கிடைத்த பிளாஸ்டிக் டப்பாவில் பழகுவது வீண். அது வேறு ரகம், வேறு சூட்டில் உருகும். ஏஆர்-15 ரகத் துப்பாக்கிகளோடு வரும் ஏ2 கைப்பிடி இதற்குத் தோதானது. ஒரே திருகாணியில் கழன்றுவரும். பலரும் அதைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுவதால் மேசை இழுப்பறைகளில் சும்மா கிடக்கும். புதிதாக வாங்கினாலும் சில டாலர்தான். தட்டையான பலகையில் கை படிந்தவருக்கும் வளைவில் தடுமாறும் என்பதால், இப்படி உருண்டு திரண்ட ஒன்றில் பழகுவதே பலன் தரும்.

ஆபத்துகளையும் சொல்லியாக வேண்டும். தோட்டாவை நீக்கி, மேற்பாகமான ஸ்லைடையும் உள் பாகங்களையும் கழற்றி, வெறும் கூட்டில் மட்டுமே வேலை செய்ய வேண்டும். உருகும் நைலானின் புகை நுரையீரலுக்கு ஆகாது. சன்னலைத் திறந்து, மின்விசிறி வைத்து, ரசாயன ஆவியைத் தடுக்கும் முகக்கவசம் அணிவது நல்லது. கைப்பிடி உள்ளே கூடானது. சுவர் மெல்லிய இடத்தில் அழுத்தினால் உட்பக்கம் புடைத்து, தோட்டாக் கூடான மேகசின் சிக்கிக்கொள்ளும். அவ்வப்போது மேகசினைச் செருகி எடுத்துப் பார்ப்பவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். கிளாக்கின் உடலில் பதித்திருக்கும் தொடர் எண் தகட்டின் பக்கமே போகக் கூடாது. அந்த எண்ணைச் சிதைப்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி குற்றம். நிறுவனத்தின் உத்தரவாதமும் கைவிட்டுப் போகக்கூடும்.

சொரசொரப்பை அளவுக்கு மீறிக் கூட்டி வருந்துவோரும் உண்டு. சட்டைக்குள் இடுப்பில் செருகி நடப்பவருக்கு அது நாள் முழுக்கத் தோலை உரசும், துணியையும் தின்றுவிடும்.

சுட்டுக் கெடுத்துவிடும் பயத்தைப் பொறுத்தவரை, சிக் சாவர் பி320 துப்பாக்கி வைத்திருப்பவர் கொடுத்துவைத்தவர். அதில் தொடர் எண் உள்ளிருக்கும் இரும்பு விசைத் தொகுதியில் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அதுதான் துப்பாக்கி. பிளாஸ்டிக் கைப்பிடியைத் தனியாக வாங்கலாம், கெடுத்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று மாட்டலாம். கிளாக்கில் அந்த வசதி இல்லை. கைப்பிடி கெட்டால் துப்பாக்கியின் உடலே கெட்டது. ஒரே ஒரு கிளாக் மட்டும் வைத்திருக்கும் புதியவருக்கு, அதன் அளவுக்கே வெட்டி விற்கும் சொரசொரப்பான ஒட்டுப்பட்டை போதும். பிடிக்காவிட்டால் உரித்துப் போட்டுவிடலாம்.