சுண்ணாம்புச் சூளைக்குத் தப்பிய பினாங்குப் பெண்

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் பாட்டிமார்கள் நம் வீடுகளில் குறைந்துவிட்டார்கள். ஆனாலும் கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கும் என்பது வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பட்டர்வொர்த்துக்கு வடக்கே, சுங்கை மூடா ஆற்றுப் பக்கத்தில், குவார் கெப்பா என்றொரு கம்பம் இருக்கிறது. கெப்பா என்பது மலாய் மொழியில் ஒரு வகைச் சிப்பியின் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே கிளிஞ்சல்கள் மேடு மேடாகக் குவிந்து கிடந்தன. சுண்ணாம்புக்காரர்கள் அவற்றை வெட்டிச் சூளைக்குக் கொண்டுபோனார்கள். அந்த மேடுகளுக்குள் மனித எலும்புகளும் இருந்தன!

கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் இடத்தில் இத்தனை கிளிஞ்சல் எப்படி வந்தது? ஐயாயிரம், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. கரையும் உள்ளே இருந்தது. அக்கரையில் வாழ்ந்தவர்கள் சிப்பியைத் தின்று ஓட்டை ஓரிடத்திலேயே கொட்டினார்கள். இறந்தவர்களையும் அதிலேயே புதைத்தார்கள்.

அந்நாளில் இப்பகுதியில் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் வின்ட்ஸர் ஏர்ல் என்ற ஆங்கிலேயர் 1860ஆம் ஆண்டு வாக்கில் இம்மேடுகளை ஆராய்ந்தார். கிடைத்த மனித எலும்புகள் லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் போய்ச் சேர்ந்தன. டார்வினுடைய நூல் 1859இல் வெளிவந்தபோது அவருக்காக மேடையேறி வாதாடியவர் இந்த ஹக்ஸ்லிதான். நம்மூர் எலும்புகளைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு 1863இல் அச்சாயிற்று. இயற்கையில் மனிதனுக்குரிய இடம் எது என்பது பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலும் அதே ஆண்டில்தான் வந்தது.

'குரங்கு மனிதனானது' என்று டார்வின் சொன்னதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியானால் தைப்பிங் மிருகக்காட்சிச் சாலையிலுள்ள குரங்கு ஏன் இன்னும் குரங்காகவே இருக்கிறது என்றும் கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் குரங்கு நமக்குப் பாட்டனல்ல, தூரத்துப் பங்காளி. வெகு காலத்துக்கு முன் வாழ்ந்த ஒரே மூதாதையிடமிருந்து இரண்டு கிளைகளும் பிரிந்து வந்தன என்பதே பரிணாமக் கொள்கை.

கிளைகள் எப்படி மாறுகின்றன? தோட்டத்தில் மருந்தடித்தவர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. ஆயிரம் களைச்செடிகளில் ஒன்றிரண்டு மருந்துக்குச் சாகாதவையாக இருக்கும். மற்றவை மடிய, அவை விதை விடும். திரும்பத் திரும்ப அதே மருந்தை அடித்தால், மிஞ்சுவதெல்லாம் அவற்றின் பிள்ளைகளே. கேழ்வரகுக்கு நெருங்கிய உறவான ஒரு களைப்புல், கிளைபோசேட் மருந்துக்கு அடங்காமல் போனது 1997இல் நம் மலேசியாவிலேயே கண்டறியப்பட்டது. எந்தச் செடியும் தானாக முயன்று மாறவில்லை. பிழைத்தது பெருகியது, அவ்வளவே. இதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறார்கள்.

சரி, பழைய காலத்துச் சாட்சி எங்கே? மண்ணுக்குள்தான். ஆனால் அது எளிதில் கிடைப்பதில்லை. மழை மிகுந்த நம் நாட்டு மண்ணில் புளிப்பு அதிகம். அது எலும்பைக் கரைத்துவிடும். லட்சோப லட்சம் உயிர்களில் ஏதோ ஒன்றுதான் சேற்றிலோ மணலிலோ உடனே மூடப்பட்டு, காலப்போக்கில் கல்லாகிப் புதைபடிவமாகிறது. லங்காவித் தீவின் மச்சிஞ்சாங் பாறைகளில் டிரைலோபைட் என்ற கடல் பிராணியின் அச்சு கிடைத்திருக்கிறது. வயது சுமார் 49 கோடி ஆண்டு! அந்த இனமே 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்துவிட்டது. அதே பாறையில் ஒரு யானையையோ கோழியையோ எவரும் கண்டதில்லை. அடியிலுள்ள அடுக்கு பழையது, மேலுள்ளது புதியது. ஒவ்வொரு அடுக்கிலும் அந்தந்தக் காலத்து உயிர்களே இருக்கின்றன. டார்வின் தம் நூலில் ஓர் அதிகாரம் முழுவதையும் இப்பதிவிலுள்ள இடைவெளிகளுக்காகவே ஒதுக்கினார். சாட்சி இல்லாத இடமெல்லாம் உயிர் இல்லாத இடமல்ல என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

குவார் கெப்பாவின் எலும்புகள் அவ்வளவு பழையவை அல்ல. கல்லாகிப் போனவையும் அல்ல. அங்கு வாழ்ந்தவர்கள் எல்லா வகையிலும் நம்மைப் போன்ற மனிதர்களே. அவர்களுடைய எலும்பு தப்பியதற்குக் காரணம், சுற்றியிருந்த கிளிஞ்சலின் சுண்ணாம்பு மண்ணின் புளிப்பை அடக்கியதுதான். எந்தச் சுண்ணாம்பு அவர்களைக் காத்ததோ, அதற்காகவே மேடுகள் வெட்டப்பட்டன என்பதுதான் வேதனை. 1934இல் டச்சுக்காரரான வான் ஸ்டெயின் காலன்ஃபெல்ஸ் அங்கே அகழ்ந்தபோது, முன்பு கிடந்ததில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. பற்பல காலத்தில் கிடைத்த 41 பேருடைய எலும்புகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்விட்டன.

இனி ஒன்றும் இராது என்று எண்ணியிருந்த இடத்தில்தான் 2017 ஏப்ரலில் அதிசயம் நடந்தது. காட்சிக்கூடம் கட்டுவதற்கான பணியின்போது, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் ஓர் எலும்புக்கூட்டைக் கண்டார்கள். பக்கத்தில் மட்பாண்டமும் கற்கருவிகளும் கிளிஞ்சல்களும் இருந்தன. 'பினாங்குப் பெண்' என்று பெயரிட்டார்கள். வயதைக் கணக்கிட உதவியதும் கிளிஞ்சல்தான். அதிலுள்ள கரியணுக்களை அளந்து, சுமார் 5,700 ஆண்டு என்று சொன்னார்கள்.

அந்தப் பக்கம் போகிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. காலடியில் பழைய கிளிஞ்சல் தென்பட்டால், குழந்தைகள் ஆசைப்பட்டாலும் எடுத்துப் பைக்குள் போட வேண்டாம். எந்த ஆழத்தில், எதன் அருகில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் அதைப் படிக்கிறார்கள்.